அலையடித்த நாளின் அளவீடுகள்

ஒரு நாளின் அளவீடுகளை நான் அழித்தேன். கருவி பழுதானதால் அல்ல. என் சூத்திரத்துக்கு அவை ஒத்துவரவில்லை என்பதால்!

வானொலி அலைகளைக் கணிப்பது என் தொழில். படகுக்குப் படகு செய்தி கைமாறிக் கரைக்கு வந்துசேரும் வலையமைப்பொன்றைக் கடலில் இறக்குமுன், கணினிக்குள் ஓட்டிப் பார்த்தோம். திரையில் படகுகள் நகரும். எந்தப் படகின் குரல் எந்தப் படகுக்கு எட்டும் என்பதை என் சூத்திரம் தீர்மானிக்கும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இன்றும் அதைச் சொல்லக் கூச்சமில்லை.

அளவெடுக்க, மாம்புரியில் நிசாம் என்ற மீனவரின் படகில் ஆறு நாள் போனேன். அண்ணன் என்ற பொருளில் அவரை நானா என்றே கூப்பிட்டேன். ஐந்து நாளும் கடல் அடங்கிக் கிடந்தது; கணிப்பும் அளவும் ஒன்றாய் நின்றன. ஆறாம் நாள், தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று எழும்பியது. அலைப் பள்ளத்தில் படகு இறங்கும்போதெல்லாம், அளவெடுக்க எங்களோடு வந்த மற்றப் படகின் குரல் அறுந்தது.

“தங்கச்சி, கடல் எழும்பினா ஒங்கட பொட்டி ஊமையாகுதே?” என்றார்.

“கருவியில கோளாறு நானா.”

கோளாறு இல்லை... எனக்குத் தெரியும். அறிக்கை கொடுக்கவேண்டிய கிழமை அது. ஆறாம் நாளை அழித்தேன். திரையில் ஒரு செய்தியும் தவறவில்லை! அதை நம்பி, படகுக்கொரு பெட்டியாக வலையமைப்பைக் கடலில் இறக்கினார்கள்.

அடுத்த கச்சானில் நிசாம் நானாவின் இயந்திரம் நடுக்கடலில் நின்றது. உதவி கேட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். எவருக்கும் எட்டவில்லை. இரண்டு நாள் மிதந்தார். கூடப்போன அவருடைய தங்கையின் கணவரை அலை கொண்டுபோனது.

துக்கம் விசாரிக்கப் போனேன். என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார்.

“என்ட பிழைதான் தங்கச்சி. பொட்டிட மூடிய நான் சரியா மூடல்ல. தண்ணி பட்டிருக்கும்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாமே! நான் சொன்னது என்ன தெரியுமா?

“ஓம் நானா... அப்படித்தான் இருக்கும்.”

பின்னர் அலைப் பள்ளங்களைச் சூத்திரத்தில் சேர்த்தேன். அன்டெனாக்களை உயர்த்தச் செய்தேன். இந்தக் கச்சான் முழுவதும் ஒரு குரலும் அறுபடவில்லை. என் கணிப்பு இப்போது சரியானது. யார் வேண்டுமானாலும் சோதிக்கட்டும். ஏன் திருத்தினாய் என்று கேட்டவர்களிடம், மேம்பாடு என்றேன். பாராட்டினார்கள்.

அவரிடம் உண்மையைச் சொன்னாயா என்று கேட்பீர்கள். இல்லை. பயமா? ஓம், பயம்தான்... வேறு பெயர் எதற்கு?

நிசாம் நானா கடலை விட்டுவிட்டார். சிலாபம் சந்தையில் மீன் பெட்டி சுமக்கிறார். அவருடைய தங்கை அவரோடு கதைப்பதில்லை. அந்த மூடியால்தான் கணவன் போனான் என்று நம்புகிறாள்.

அவள் வீடு எனக்குத் தெரியும். அரை மணி நேரப் பயணம். நான் இன்னும் போகவில்லை.