இணையத்தில் இல்லாத பாட்டு

என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ரில் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டபடி இருந்தாள். எழுபதுகளில் அமெரிக்காவில் நாலு பேர் சேர்ந்து செய்து, அந்த நாலு பேரின் தாய்மார்கூட வாங்காத ரொக் தட்டு. அட்டையில் சோளக்காட்டு நடுவே ஒரு வெறும் படகு. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஓர்கன்காரன் தொடங்கினால், நான் சோறு வடித்து இறக்கிய பிறகும் முடிக்கமாட்டான்.

"உதில பாட்டு எப்ப தொடங்கும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தொடங்கிப் பத்து நிமிஷமாச்சு அம்மா."

ஒரு சனிக்கிழமை அவள் வெளியே போனதும் படுக்கையைத் தட்டி விரிக்கப் போனேன். உளவு பார்க்கப் போனேன் என்றும் சொல்லலாம். தலையணைக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு தாள், ஆங்கிலத்தில். எனக்காக விளக்கேற்றி வைக்காதே, நான் தண்ணீருக்குள் இறங்கிப் போகிறேன், கரையில் நிற்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை.

உடனே அவளுக்குப் போன் அடித்தேன். அவளுடைய போன் அணைந்திருந்தது. ஆனாலும் நான் படித்தவள். பாட்டாக இருக்கலாம் என்று வரி வரியாக இணையத்தில் தேடினேன். ஒன்றுமே வரவில்லை. அதில் இல்லாத பாட்டு உலகத்தில் இருக்குமா? ஆகவே இது பாட்டில்லை.

பொலிஸுக்கு அடித்திருக்கலாம். அவளுடைய சிநேகிதிக்கு அடித்திருக்கலாம். நான் மல்வேர்னில் இருக்கும் மச்சாளுக்கு அடித்து, "ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ" என்று அழுதேன். அரை மணித்தியாலத்தில் மச்சாள் பதினொரு பேரோடு வந்து இறங்கினார்.

வாசலில் சப்பாத்துக் குவியல். இடியப்பமும் சொதியும் ட்ரேயில் வந்தன. இந்த நிலைமையில் ஆர் அடுப்பு மூட்டுறது என்றார்கள். ஓர் அங்கிள் கறுப்பு ஜாக்கெட்டைக் கழற்றாமல் கைகட்டி நின்று, "சயன்ஸ் படிப்பிச்சிருந்தா உதெல்லாம் வந்திராது" என்றார். மச்சாள் தாளை இரண்டுதரம் வாசித்தார். "கையெழுத்து வடிவாத்தான் இருக்கு."

ஆபத்தென்றாலும் நாங்கள் செத்தவீட்டுக்குப் போவதுபோலத்தான் போவோம். வேறு விதமாக ஒரு வீட்டுக்குள் நுழைய எங்களுக்குப் பழக்கமில்லை.

நாலு மணிக்கு மகள் கதவைத் திறந்தாள். சப்பாத்துகளைப் பார்த்தாள். ட்ரேகளைப் பார்த்தாள். ஷிப்ற்றுக்குப் போயிருந்த தகப்பன் மட்டும் அங்கே இல்லை.

"அப்பாவா?" என்று கேட்டுக்கொண்டே வாசலில், அந்தச் சப்பாத்துகளின் மேலேயே குந்திவிட்டாள்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். "அப்பா வேலையில நிக்கிறார். ஒண்டுமில்லையடி, ஒண்டுமில்லை." அழுகை நிற்கக் கனநேரம் பிடித்தது. பிறகு என் கையிலிருந்த தாளைக் கண்டாள்.

"அம்மா, இட்ஸ் லிரிக்ஸ். அந்தத் தட்டில வாற பாட்டுத்தான். வரியள் ஒன்லைன்ல எங்கயும் இல்லை. அதுதான் திருப்பித் திருப்பிப் போட்டு எழுதினனான்."

"அப்ப இடியப்பத்தை என்ன செய்யிறது?" என்றார் மச்சாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். அங்கிள் இரண்டாம்தரமும் போட்டுக்கொண்டார். ஜாக்கெட்டையும் அப்போதுதான் கழற்றினார்.

அவர்கள் போன பிறகு மகள் சொன்னாள்: "ஊரைக் கூப்பிட முதல் என்னட்டக் கேட்டிருக்கலாமே."

அவள் படிப்பை விட்டதிலிருந்து மூன்று மாதமாகக் கேட்கப் பயந்த கேள்வியை அப்போது கேட்டேன். "தண்ணிக்குள்ள இறங்க எப்பவாவது யோசிச்சனியோ?"

என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்தாள்.

"இப்ப இல்லை" என்றாள்.

செவ்வாய்க்கிழமை நானும் அவளுமாக டொக்ரரிடம் போனோம். மச்சாளுக்குச் சொல்லவில்லை.