சாவிக்காரர் சொன்ன கதை

சாவிக்காரருக்குக் கை நீளமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதற்காக ஐந்து வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். கை அடங்கியது, வாய்தான் அடங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாற்றுச் சாவி வெட்டிக் கொடுக்கும் சின்னக் கடை வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் பழைய வீரப்பிரதாபங்களை அளந்துகொண்டிருந்தார்.

மகள் பதினோரு வருஷம் அவர் முகத்திலேயே முழிக்கவில்லை. தாயும் போய்ச் சேர்ந்த பிறகு, போன வருஷம்தான் மனம் இறங்கினாள். பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வேலையை அவரிடம் விட்டாள். தினம் மூன்றரை மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு அவர் பள்ளி வாசலில் நிற்பதைப் பார்க்க வேண்டுமே! மந்திரி பதவி கிடைத்த மாதிரி நிற்பார்.

கார் சாவியைத் தொலைத்துவிட்டுக் கடைக்கு வந்த ஒரு டைரக்டர் அவர் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"சார், இத அப்படியே படமா எடுக்கலாம். குடும்பத்தோட உக்காந்து பாக்கலாம்."

சாவிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தான் செய்ததெல்லாம் வேடிக்கையாகிவிட்டால் மகளும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறந்துவிடுவாள் என்று நம்பினார், பாவி மனுஷன். ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

படம் வந்தது. மகளைக் கெஞ்சிக் கூட்டிப் போனார். தியேட்டரில் முப்பது பேர்கூட இல்லை. படத்தில் திருடன் வழுக்கி விழுந்தான், போலீஸ்காரர் வழுக்கி விழுந்தார், மாமியாரும் வழுக்கி விழுந்தாள். பின்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார்.

அப்போது அந்தக் காட்சி வந்தது. திருடன் ஆறு வயது மகளைக் கைப்பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறுகிறான். "ஆன்ட்டி, குடிக்கத் தண்ணி" என்கிறது குழந்தை. வீட்டுக்காரி உள்ளே போனதும், கதவோரம் தொங்கும் சாவியைச் சோப்பில் அழுத்தி அச்செடுக்கிறான். தியேட்டர் முதல்முறையாகச் சிரித்தது. சாவிக்காரரும் சிரித்தார். அது அவருடைய சொந்த யோசனை. இதெல்லாம் மகளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும், அவள் அம்மா சொல்லியிருப்பாள் என்றே நினைத்திருந்தார். அந்த ஒன்றை மட்டும் அந்த அம்மாள் சொல்லவே இல்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னக் கூட்டிட்டுப் போனதெல்லாம் இதுக்குத்தானாப்பா?"

"உனக்கு ஒரு கெடுதலும் வரலியேம்மா..."

"தாகம் இல்லன்னாலும் குடிக்கச் சொல்வீங்க. எங்கப்பாவுக்கு என்மேல எவ்ளோ அக்கறைன்னு நெனச்சேன். உங்களப் பத்தி நல்லதா எனக்கு இருந்த ஞாபகம் அது ஒண்ணுதான்."

பஸ் வந்தது.

"நாளைலேர்ந்து பாப்பாவ நானே கூட்டிட்டு வந்துக்கறேன்" என்றாள்.

"என்னத் தேடுவாளே. கேட்டா என்னம்மா சொல்வே?"

"தாத்தாவுக்கு வேலை இருக்குன்னு சொல்லிக்கறேன்."

பஸ் கிளம்பிப் போயிற்று. அவருக்கு இருந்ததே அந்த ஒரு வேலைதான்.