விதை கருத்தால்

நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை மேற்பார்க்கும் புதுக் கண்டாக்காக நான் சேர்ந்தபோது, கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கங்காணியாக ஒருவர் இருந்தார். உயரமான ஆள். மழையோ வெயிலோ, உரப்பையொன்றை மடித்துத் தலையில் போட்டிருப்பார். ஓடையோர ஈரத்தில் மண்டிக்கிடந்த காட்டுவாழையில் ஒரு காயைப் பிய்த்துப் பிளந்து பார்த்த பிறகே ஆட்களைப் பள்ளத்தில் இறக்குவார்.

அன்று பிளந்ததும் அவர் முகம் மாறியது.

"விதை கருத்துருச்சுங்க ஐயா. இன்னைக்கி இந்தப் பக்கம் வேணாங்க."

"விதைக்கும் கொழுந்துக்கும் என்ன சம்பந்தம்?"

"வெள்ளையா இருந்தா காய். கருத்தா பழுக்கப் போவுது. பழத்துக்குக் குரங்கு வரும், குரங்குக்குப் பின்னாலயே சிறுத்த வருங்க."

கொழுந்து முற்றிவிடும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவர் எல்லோருக்கும் முன்னால் இறங்கினார்; நானும் பின்னால் இறங்கினேன்.

பாதிச் சரிவில் குரங்குகள் ஒரேயடியாகக் கத்தின. காற்றே இல்லை; ஆனால் ஒரு வாழையிலை மெல்ல அசைந்தது. திரும்பாமலே அவர் கையை உயர்த்தினார். பெண்கள் ஓசையில்லாமல் ஒவ்வொருவராக மேலேறினார்களாம். கடைசிப் பெண் ஏறும்வரை அவர் அந்த இலையைப் பார்த்தபடியே நின்றாராம். நான் பார்க்கவில்லை. முதலில் ஓடியவன் நான்தான்.

மறுநாள் காலை ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் அவர் பிளக்காத காட்டுவாழைக்காய் ஒன்றை என் கையில் வைத்தார்.

"இன்னைக்கி நீங்க பாருங்க ஐயா."