கார் இல்லாதவளின் நாற்காலி

கார்மெல்லாவிடம் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஆனாலும் தன் வாசலுக்கு நேரே தெருவோரத்தில், கால் ஒடிந்து கம்பி சுற்றிய ஒரு சமையலறை நாற்காலியைப் போட்டு வைத்திருப்பாள். அமெரிக்காவின் இந்த பிட்ஸ்பர்க் நகரத்தில், தெருவோரத்தில் கார் நிறுத்த நாற்காலி போட்டுப் பிடித்த இடம் போட்டவருடையது. எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை. ஆனால் அடுத்தவர் நாற்காலியை நகர்த்தியவனோடு இந்த ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

"இல்லாத காருக்கு எதுக்குக்கா இடம்?" என்று எதிர்வீட்டிலிருந்து நான் சீண்டாத நாளில்லை.

"என் மக வருவா" என்பாள்.

மகள் ரோசான் பக்கத்து மாநிலமான ஒஹாயோவில், கிளீவ்லாந்தில் இருந்தாள். வீட்டை விற்றுவிட்டு என்னோடு வா என்று சண்டை போட்டுப் போனவள், பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

பல்கலைக்கழக விடுதிச் சமையலறையில் பாதி ஆயுளைக் கழித்தவள் கார்மெல்லா. அந்தப் பல்கலைக்கழகம்தான் எங்கள் தெருவை வீடு வீடாக விழுங்கிக்கொண்டிருந்தது. சோறு போட்டவள் வீட்டுக்கே குழி பறித்தார்கள். நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் மட்டும் மசியவில்லை. ஒட்டியிருந்த வீட்டை வாங்கி, இடிக்க நாள் குறித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அது போனால் இவள் வீடும் சரியும்.

தடை கேட்டு கார்மெல்லா போட்ட வழக்கு, இடிக்கிற அன்று காலையில்தான் விசாரணைக்கு வந்தது. வீட்டுப் பத்திரத்தில் ரோசான் பெயரும் இருந்ததால், தாய் வாசலைக் காக்க, மகள் நீதிமன்றத்தில் நின்றால் போதும். கார்மெல்லா போன் செய்து கெஞ்சினாள். மகள் போனை வைத்துவிட்டாள்.

காலையில் இடிக்கும் இயந்திரம் வந்தது. தெருவில் அது நிற்க அந்த ஓர் இடம்தான் இருந்தது. ஓட்டுநர் ஸ்டாஷ் நாற்காலியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"என்னய்யா?" என்றார் பல்கலைக்கழக அதிகாரி விட்காம்ப்.

"நாற்காலி இருக்கு சார்."

"தூக்கிப் போடுய்யா!"

"நான் இந்த ஊர்க்காரன் சார். எங்கம்மா காதுக்குப் போச்சுன்னா வீட்டுல சேர்க்க மாட்டா."

விட்காம்ப் வெளியூர்க்காரர். தானே அதைத் தூக்கி நடைபாதையில் வைத்தார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. கார்மெல்லா அதை எடுத்துப் பழைய இடத்தில் போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டாள்.

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவனும் இந்த ஊருதானே?"

சிரித்தோம்.

போலீஸ்காரர் வந்து தொப்பியைக் கழற்றினார். "நாற்காலி நியாயந்தாம்மா. ஆனா அவங்க கையில அனுமதி இருக்கே. எழுந்திரிங்க."

அவள் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாகக் கையைப் பிடித்து எழுப்பினார். ஸ்டாஷ் மனமில்லாமல் இயந்திரத்தைக் கிளப்பினான்.

முனையில் ஹாரன் அலறியது. ஒஹாயோ எண் போட்ட நீலக் கார் ஒன்று இயந்திரத்தை உரசிக்கொண்டு வந்தது. கார்மெல்லா கையை உதறிக்கொண்டு ஓடி நாற்காலியைத் தூக்கினாள். கார் அந்த இடத்தில் நின்றது.

இறங்கிய ரோசான் விட்காம்பிடம் நீதிமன்ற உத்தரவை நீட்டினாள். "வழக்கு முடியிற வரைக்கும் சுவரத் தொடக்கூடாது." பிறகு தாயைப் பார்த்தாள். "இந்த ஓட்டை நாற்காலிய இன்னுமாம்மா வச்சிருக்கே?"

கார்மெல்லா நாற்காலியை மார்போடு அணைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கு இடம்னு கேட்டியே, இப்பக் கேளு!"