மாறிலி என்று பெயர்

இருக்கிறது என்று உறுதியான ஒன்று வழவழப்பாகவும் இருந்தாக வேண்டும் என்று ஒருவர் ஏன் பதினோரு வருடம் அடம்பிடிக்க வேண்டும்? அண்ணி மேசை விளிம்பைக் கட்டைவிரலால் தடவியபடி தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். சிராய் தட்டுப்பட்டால் விரல் நிற்கும், யோசனை நிற்காது.

அவர் பல்கலைக்கழகத்தில் தற்காலிகக் கணித ஆசிரியர். ஆராய்ச்சி, நேரியலற்ற நீள்வட்ட வகைச் சமன்பாடுகளில். ஒருமுறை எனக்காக இறங்கி வந்தார். "வளைஞ்ச கம்பிய சோப்புத் தண்ணில முக்கி எடுத்தா ஒரு படலம் நிக்குதுல்ல, தம்பி? அது நிக்கும்னு எப்பவோ நிரூபிச்சாச்சு. அதுல எங்கயாவது மடிப்பு விழுமா, விழாதா? அவ்வளவுதான் நம்ம பொழப்பு." புரிந்தது போலத் தலையாட்டினேன். "ஆட்டாதீங்க. எனக்கே பாதி நாள் புரியாது."

அவர் தாள்களில் 'சி' என்ற எழுத்து வரிக்கு வரி வரும். அது மாறிலி. ஆனால் ஒவ்வொரு வரியிலும் அதன் மதிப்பு வேறு. புது எழுத்துக்குச் சோம்பல்பட்டு அதே பெயரில் விட்டுவிடுவது அந்தத் துறையின் வழக்கமாம். "மாறிலின்னு பேரு, மாறாத நாளே இல்ல. எங்க மேனேஜர் சொல்லு மாதிரி" என்பார் அண்ணன்.

அந்தப் பதினோரு வருட உழைப்பைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தார். அது ஏற்கப்பட்டது. வேலை நிரந்தரமாக அது அச்சில் வருவது ஒன்றுதான் பாக்கி. அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தவர் இருபத்து மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கிருந்த 'சி', படலம் வழவழப்பானது என்று முன்பே வைத்துக்கொண்டு பெற்ற எண். நிரூபிக்க வேண்டியதே அதற்குள் ஒளிந்திருந்தது.

"நானே திருடி, நானே சாட்சி" என்றார்.

"இதழ்ல ரெண்டு நிபுணருங்க படிச்சு சரின்னுட்டாங்க. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றார் அண்ணன்.

"அவங்க 'சி'ங்கற பேரப் பாத்தாங்க. ஆளப் பாக்கல."

அண்ணி பிழையைத் தெரிவித்தார். கம்பி நேராக இருக்கும் இடங்களில் நிரூபணம் பழுதில்லாமல் நின்றது. அதை மட்டும் சுருக்கி வெளியிடலாம் என்று இதழாசிரியர் எழுதினார். வேலைக்கும் அது போதும். அண்ணன் பெருமூச்சு விட்டார். அண்ணியும் சரியென்றார், அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.

மறுநாள் காலை என் எதிரிலேயே பதில் அடித்தார். 'திருத்திய வடிவம் இணைப்பில்' என்று எழுதினார், அழித்தார். முழுக் கட்டுரையையும் திரும்பப் பெறுவதாக எழுதி, ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் அனுப்பினார்.

"சரியா இருந்தத எதுக்கு அண்ணி?"

என்னை ஏறிட்டுப் பார்த்தார். "வளைஞ்ச கம்பியப் பத்தித்தான தம்பி பதினோரு வருஷமாக் கேட்டேன்?" என்றவர், எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.