பெயர் மாற்றக் கட்டணமும் தங்கச்சியின் போனஸும்

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ஒரு சந்துக்குள் ஆனந்தமேரி பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறாள். ஆறு மெஷின், ஏழு பெண்கள். சித்திரை பிறந்துவிட்டால் பள்ளிக்கூடம் திறந்து சூடு தணிகிற வரைக்கும் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கணவர் ஸ்டீபன்ராஜ் அரசுப் பேருந்து ஓட்டுநர், பழனி தடம். பொழுதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டு வருகிற மனுஷன் வீட்டுக்கு வந்தால் சாவியைக் கண்ணால் பார்க்கக்கூட விரும்ப மாட்டார். அதனால் கார் ஓட்டப் பழகியது ஆனந்தமேரிதான், அதுவும் நாற்பதைத் தாண்டிய பிறகு.

கெட்டிக்காரி. கையும் தாராளம். தைக்க வரும் பெண்களில் யாருக்குப் பிரசவம் என்றாலும் ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நிற்பாள். ஆனால் தங்கச்சி லிடியா என்று பேச்சு வந்துவிட்டால் மட்டும் அவளுக்கு வயிறு எரியும். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை, லிடியாவிடம் தவிர.

இரண்டு பேரும் ஒன்றாக ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள். ஒரே நாளில், ஒரே ஹாலில் தகுதித் தேர்வு எழுதினார்கள். லிடியா தேறினாள், அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஆனந்தமேரி கொஞ்ச மார்க்கில் தவறினாள், தையல் மெஷின் வாங்கினாள். அன்றிலிருந்து லிடியாவுக்குச் சம்பளம் ஏறுவதும், அவள் கணவன் அமலன் துபாய்க்குப் போனதும், ஆர்.எம். காலனியில் அவர்கள் வீட்டுக்கு மாடி எழும்பியதும் ஒவ்வொன்றாக ஆனந்தமேரியின் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அந்த மாடியின் கிரகப்பிரவேசத்துக்கு ஓடியாடி வேலை செய்ததும் அவள்தான். இரவு வீட்டுக்கு வந்து, "ஜன்னலெல்லாம் தேக்காம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போன வருஷம் லிடியா சிவப்பில் பெரிய கார் ஒன்று வாங்கினாள். பழைய கார் சும்மா நிற்குமே என்று, "வெளியாளுக்கு எதுக்குக் குடுக்கணும், நீயே எடுத்துக்கக்கா" என்றாள். விலையும் குறைத்தே சொன்னாள். கொடைரோடு, வேடசந்தூர் என்று துணிமூட்டைகளைக் கொண்டுபோய்ப் போட ஆனந்தமேரிக்கு வண்டி தேவைப்பட்டது. வாடகை வேனுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. சின்ன வயதில் இவள் போட்டுக் கழித்த பாவாடையை லிடியா போட்டாள். இப்போது லிடியா ஓட்டிக் கழித்த காரை இவள் ஓட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஃபாதர் வந்து புதுக் காருக்குத் தீர்த்தம் தெளித்தார். ஊரே சிவப்புக் காரைச் சுற்றி நின்றது. பழைய கார் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வெயிலில் கிடந்தது. லிடியா சாவியைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தாள்.

"பாத்து ஓட்டுக்கா. இத்தன வருஷத்துல இன்சூரன்ஸ்ல ஒரு கிளைம்கூடப் போட்டதில்ல நானு."

"சரி" என்றாள் ஆனந்தமேரி.

அந்த வாரமே இன்சூரன்ஸில் பெயர் மாற்றச் சாலை ரோட்டுக்குப் போனாள். அங்கே ஒரு மாடியில் இனிகோ என்ற இளைஞன் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறான். லிடியாவின் பாலிசியையும் அவன்தான் போட்டுக் கொடுத்திருந்தான்.

"பேர் மாத்துறதுக்கு ஆபீஸ் கட்டணம் ஒண்ணு இருக்குக்கா. அது ஒரு பிரியாணி காசுகூட வராது" என்றவன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். "ஆனா அதோட வித்தியாசத் தொகைன்னு ஒண்ணு கட்டணும்."

"என்ன வித்தியாசம்?"

"ஒங்க தங்கச்சி அஞ்சு வருஷமா கிளைமே போடல. அதனால வருஷா வருஷம் கட்டுற தொகையில அவங்களுக்குப் பாதிக்குப் பாதி தள்ளுபடி. நோ கிளைம் போனஸ்னு சொல்லுவோம். பேர் மாறிட்டா அது ஒங்களுக்குக் கிடையாது. மிச்சம் இருக்குற மாசத்துக்கு அந்தத் தள்ளுபடியக் கணக்குப் போட்டுக் கட்டச் சொல்லுவாங்க."

"வண்டி அதே வண்டிதான தம்பி?"

"போனஸ் வண்டிக்கு இல்லக்கா, ஆளுக்கு. அவங்க அதப் புது வண்டிக்குக் கொண்டு போயிட்டாங்க. ஷோரூம்லயே கழிச்சுக் குடுத்திருப்பாங்க."

கட்ட முடியாத தொகை இல்லை. ஆனால் ஆனந்தமேரிக்குக் காது சூடாகிவிட்டது. தகரத்தை இவள் தலையில் கட்டிவிட்டு நல்ல பெயரை லிடியா எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று தோன்றியது. அதுவும் யாரால் வந்த நல்ல பெயர்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் லிடியா தன் வீட்டு கேட் தூணிலேயே காரை இடித்துவிட்டு அழுதுகொண்டு வந்தாள். ஸ்டீபன்ராஜ் தன் லீவு நாளில் அதை பேகம்பூருக்கு ஓட்டிப் போய், மைதீன் பிச்சையின் பட்டறையில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்று, ஒட்டுத் தெரியாமல் சரிசெய்து கொண்டுவந்து விட்டார். மைதீன் பிச்சை சிநேகிதத்துக்காகக் கூலியே வாங்கவில்லை. லிடியா ஒரு பெட்டி அல்வா கொடுத்தனுப்பினாள். அதோடு அது முடிந்தது. அப்படி வந்ததுதான் இந்த ஐந்து வருஷப் பெருமை.

"அப்புறம் வாரேன் தம்பி" என்று எழுந்தாள்.

"பதினாலு நாளைக்குள்ள மாத்திரணும்க்கா."

"வாரேன்னு சொல்றேன்ல."

அவள் போகவில்லை. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றும் வேலையையும் சேர்த்து நிறுத்தி வைத்தாள். ஸ்டீபன்ராஜ் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார். "இன்னும் மாத்தலயா? எங்கயாச்சும் அடிபட்டா ஒண்ணும் கெடைக்காது பாத்துக்க."

"அவளால அஞ்சு வருஷம் அடிபடாம ஓட்ட முடிஞ்சுது. என்னால முடியாதா?"

"அவ எங்க அடிபடாம ஓட்டுனா?" என்று சொல்ல வாயெடுத்தவர், சோற்றைப் பிசைவதில் கவனமாகிவிட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த சமயம், கொடைரோட்டில் ஒரு பள்ளிக்குத் துணியை இறக்கிவிட்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்னால் நின்றதை அவள் பார்க்கவில்லை. டிரெய்லரின் மூலை பின்கதவுக்குள் இறங்கியது. கதவு மடங்கி, கண்ணாடி பொலபொலவென்று சீட்டில் கொட்டியது. டிராக்டர்காரன் கீழே இறங்கிப் பார்த்து, "நின்ன வண்டியில வந்து இடிக்கிறீங்களேம்மா" என்றான். பழி போட வேறு ஆள் இல்லை. இது லிடியாவுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் முதலில் அவள் மனசில் ஓடியது.

இனிகோவிடம் போனாள். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"ஒங்க பேர்ல எதுவுமே இல்லையேக்கா. ஏட்டுல இன்னும் ஓனர் ஒங்க தங்கச்சிதான். சில பேரு பழைய ஓனர விட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கிளைம் வாங்குவாங்க. வித்த வண்டின்னு எனக்குத் தெரியும், நான் செய்ய மாட்டேன். செஞ்சாலும் ஒங்க தங்கச்சி போனஸ் மொத்தமும் போயிரும். புது வண்டிக்குக் கழிச்சதையும் திருப்பிக் கேப்பாங்க."

"மொத்தமும் போயிருமா?"

"ஆமாக்கா."

மற்றதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. அங்கிருந்து நேரே ஆர்.எம். காலனிக்குப் போனாள். கையெழுத்தை வாங்கி என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. இனிகோ தொடமாட்டான். ஆனாலும் கேட்க வேண்டும், கேட்கும்போது லிடியாவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

லிடியா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எழுந்துபோய்க் காப்பி கலந்து வந்தாள். ஆனந்தமேரி விஷயத்தைச் சொன்னாள்.

"ஒனக்கு அடி ஏதும் படலையே?" என்றாள் லிடியா.

"இல்ல. வண்டிதான். பேரு இன்னும் ஒன் பேர்லதான இருக்கு. நீ ஒரு கையெழுத்துப் போட்டா கிளைம் கேக்கலாம்னு பாத்தேன். ஒன் போனஸ் போயிருமாம்."

லிடியா விடைத்தாளைத் தள்ளி வைத்தாள். சிவப்புப் பேனாவின் மூடியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"அக்கா, அது அம்பது சதவீதம் வந்திருச்சுக்கா. அதுக்கு மேல கிடையாது. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"அது யாரால வந்துச்சு?"

"அத்தானாலதான். நான் இல்லன்னா சொல்றேன்?" லிடியாவின் குரல் இறங்கிவிட்டது. "ரிப்பேருக்குப் பாதி நான் தந்துர்றேன்க்கா. அத மட்டும் விட்டுரு."

ஆனந்தமேரி தங்கச்சியைப் பார்த்தாள். தேக்கு ஜன்னல், மாடி, போர்ட்டிகோவில் உறை போட்ட சிவப்புக் கார் எல்லாம் இருந்தும், ஒரு தள்ளுபடிக்காக இவள் இப்படிக் கெஞ்சுகிறாளே என்று நினைத்தபோது அடிவயிற்றில் குளிர்ந்த தண்ணீர் இறங்கியது போல இருந்தது. பல வருஷமாக அப்படி ஒரு சுகத்தை அவள் அனுபவித்ததில்லை.

"வேணாம், வையி. நானே பாத்துக்குறேன்" என்றாள். பெரிய மனசுக்காரி மாதிரி காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் ஸ்டீபன்ராஜ் கேட்டார். "என்ன சொன்னா?"

"தரமாட்டேன்னுட்டா."

"அதுக்கா இம்புட்டு சந்தோசம்?"

அவள் அரிசி களைய உட்கார்ந்தாள்.

கதவையும் கண்ணாடியையும் மைதீன் பிச்சையின் பட்டறையில் மாற்றினார்கள். இந்தத் தடவை ஆனந்தமேரி கூலியைக் கொடுத்தே தீருவேன் என்று நின்று கொடுத்தாள். ஆர்.சி. அவள் பெயருக்கு வந்தது. தாமதமாகிவிட்டதால் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துப் போனார்கள். கட்டணத்தையும் வித்தியாசத் தொகையையும் ஒரு சொல் பேசாமல் கட்டினாள். பாலிசியில் தன் பெயரைப் பார்த்துவிட்டு இனிகோவிடம் ஒன்று மட்டும் கேட்டாள்.

"எனக்கு அம்பது வர எத்தன வருஷமாகும்?"

"அஞ்சு வருஷம்க்கா. இடையில கிளைம் போட்டா மறுபடி முதல்ல இருந்து."

அதன்பிறகு அவள் காரை ஓட்டுகிற விதத்தைப் பார்த்து மேட்டுப்பட்டியே சிரித்தது. சைக்கிள்காரர்கள் அவளை முந்திக்கொண்டு போனார்கள். அதை அவள் கண்டுகொள்ளவில்லை. அடுத்த புதுப்பிப்பில் இருபது சதவீதம் கழித்து வந்தது. அன்றைக்குத் தைக்கிற பெண்களுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுத்தாள்.

இந்த மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பாலசமுத்திரம் போன லிடியாவின் சிவப்புக் காரை ஒரு மினி லாரி இடித்துவிட்டது. சேதி கேட்டதும் ஆனந்தமேரி போன் போட்டாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இல்லக்கா. முன்பக்கம் பூரா போச்சு. லாரிக்காரன் நிக்காமப் போயிட்டான்."

"கிளைம் போட்டியா?"

"போட்டாச்சுக்கா. இம்புட்டுப் பெரிய வண்டிக்குக் கைக்காசு போட்டு மாளுமா?"

"ஐயோ, ஒன் போனஸ் போயிருமேடி" என்றாள் ஆனந்தமேரி. வருத்தமாகத்தான் சொல்ல நினைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டீபன்ராஜ் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, எப்படி இடித்தான், எந்த இடத்தில் இடித்தான் என்று தங்கச்சியை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.