குறை சொல்லத் தெரியாத ஆர்டிஸ்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடக்கு மூலையில் இருப்பவர்கள் வாயிலிருந்து குறை என்று ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. கால் உடைந்து கிடப்பவரிடம் நலம் விசாரித்தால், "இன்னொரு கால் நல்லா இருக்கே" என்பார். அவர்களிலும் ஆர்டிஸ் டாலஃப்சன் ஒரு படி மேல். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பனிப்புயலில் பேருந்து பள்ளத்தில் சரிந்த அன்றுகூட வீட்டுக்கு வந்து, "இன்னைக்குக் கொஞ்சம் காத்து" என்று மட்டும் சொன்னாள். இப்படியும் ஒரு பிறவி!

அவளுக்கு விரல்களில் மூட்டுவாதம். காலையில் ஒரு மாத்திரை, இரவு ஒரு மாத்திரை போட்டால் விரல் மடங்கும். சனிக்கிழமை நடனத்துக்கு அக்கார்டியன் என்கிற துருத்தி வாத்தியம் வாசிக்கலாம். புத்தாண்டு பிறந்ததும் அவளுடைய மருந்துக் காப்பீட்டுத் திட்டம், ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைக்கு மேல் தர முடியாது என்று கையை விரித்துவிட்டது. அந்த ஒன்றுக்கும் அவள் கட்ட வேண்டிய பங்கை ஏற்றியிருந்தார்கள். இரண்டாவது வேண்டுமென்றால் முழு விலை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிற செலவைவிட அது அதிகம். ஆர்டிஸ் யாரிடமும் மூச்சுவிடாமல் இரவு மாத்திரையை நிறுத்தினாள். அக்கார்டியன் பெட்டிக்குள் போனது. கணவர் ஆர்விட் கேட்டதற்கு, "சின்னவங்க வாசிக்கட்டுமே" என்றாள்.

மருந்துக்கடை பிரிட்டாதான் அவளை மடக்கினாள்.

"பெரியம்மா, ரெண்டாவது மாத்திரைக்கு டாக்டர் எழுதிக் கேட்டாரே, அதை ஏன் தள்ளிட்டாங்க தெரியுமா? ஒரு மாத்திரையிலேயே உங்களுக்குக் குறை ஒண்ணும் இல்லைன்னு பதிவாகியிருக்கு. அவர்கிட்ட என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

"எப்படி இருக்கீங்கன்னாரு. மோசமில்லைன்னேன். வேற என்னத்தைச் சொல்றது?"

"நல்லா சொன்னீங்க போங்க. மேல்முறையீடு போட்டிருக்கேன், நாளைக்குக் காப்பீட்டுக்காரங்ககிட்டேருந்து போன் வரும். வலிக்குதுன்னு சொல்லணும். எங்க, ஒரு தடவை சொல்லுங்க பாப்போம்."

"லேசா வலி..."

"அந்த லேசாவைத் தூக்கிப் போடுங்க."

ஆர்டிஸுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது.

மறுநாள் போன் வந்தது. கையில் பிடிக்க முடியாததால் ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள். ஆர்விட் பக்கத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"ஒரு மாத்திரையில எப்படி இருக்கீங்கம்மா?" என்றது அந்தப் பக்கத்துப் பெண் குரல்.

"மோசமி..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல. வலிக்குது." அது வெளியே வந்ததும் மற்றதும் மடை திறந்துகொண்டது. "ஜாடி மூடி திறக்க வரலை. ராத்திரி தூக்கம் இல்லை. காலையில கோட்டுப் பட்டன் போட முடியாம, கொஞ்சற மாதிரி எங்க வீட்டுக்காரர் முன்னால போய் நிக்கிறேன். அவரு போட்டுவிடறாரு. கிழவிக்கு இந்த வயசுல பிரியம் பொத்துக்கிட்டு வருதுன்னு நினைச்சு, பாவம், சீட்டியடிக்கிறாரு."

ஆர்விட் கையிலிருந்த உருளைக்கிழங்கு தொட்டிக்குள் விழுந்தது.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தட்டச்சு செய்தாள். "இது போதும்மா. ரெண்டு மாத்திரைக்கும் அனுமதி போட்டுட்டேன். நீங்க கட்டற பங்கும் போன வருஷம் மாதிரியேதான்."

போன் அணைந்தது. ஆர்டிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தினம் காலையில எப்படியிருக்கன்னு கேக்கறேனே," என்றார் ஆர்விட். "அது என்ன, வானிலை விசாரிக்கறதா?"

ஐயோ, இந்த மனுஷனிடமாவது சொல்லியிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

"அப்ப பட்டனுக்காகத்தான் வந்து நின்னியா?"

"முதல்ல அதுக்குத்தான்," என்றாள். "அப்புறம் பிடிச்சுப்போச்சு."

அவர் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். "சரி, இப்பக் கேக்கறேன். எப்படியிருக்க?"

"வலிக்குது ஆர்விட்," என்றாள்.

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிடத் தொடங்கினார்.